ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவும்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகலை நோக்கிச் செல்லும் பெருவீதியில், மலைநாடு மெல்லத் தாழ்ந்து சமவெளியோடு கைகோக்கும் இடத்திலே கலகெதர என்னும் ஊர் அமைந்திருக்கின்றது. கண்டி மன்னர் காலத்தில் தலைநகருக்கு ஏறும் கணவாய்களுள் ஒன்றைக் காத்து நின்ற ஊர் அது. இன்று அங்கே காவற் கொத்தளத்தைக் காண்பதற்கில்லை. பலா, தென்னை, கமுகு, கராம்பு, சாதிக்காய் ஆகியன ஒன்றன் நிழலில் ஒன்று நிற்க, மரந்தோறும் மிளகுக்கொடி பற்றிப் படர்ந்த வீட்டுத் தோட்டங்களையே காண்கின்றோம். சிங்களக் குடும்பங்களும் தமிழ் பேசும் குடும்பங்களும் அங்கே அயலயலே வாழ்கின்றன.

இத்தகைய ஊரிலுள்ள ஒரு வீட்டின் அலுமாரியைத் திறந்து பார்ப்போமாயின், அதனுள் எத்தனை தாள்கள்! மருந்துப் போத்தலோடு வந்த தாள் ஒன்று. உரப்பையோடு வந்தது ஒன்று. அடுப்போடு வந்தது ஒன்று. மிளகுச் செய்கை பற்றிய பிரசுரம் ஒன்று. மண்சரிவு பற்றிய அறிவித்தல் ஒன்று. கதை நூல்களையும் கவிதை நூல்களையும் பற்றி இப்பகுதியில் நாம் பலமுறை உரையாடுவதுண்டு. ஆனால் ஒரு குடும்பத்தின் உயிருக்கும் பொருளுக்கும் காவலாய் இருக்கவேண்டிய இந்தச் சிறு தாள்களைப் பற்றி யார் பேசுகின்றார்கள்? அவற்றை எழுதுவதும் ஒரு கலையே. அக்கலையின் இலக்கணம் யாது என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

முதலில் ஓர் எடுத்துக்காட்டு. தோட்டத்தில் மிளகு பறித்தாயிற்று. முற்றத்தில் பாய் விரித்திருக்கின்றது. மேற்கே மேகம் திரளுகின்றது. வீட்டுத் தலைவி பிரசுரத்தைக் கையில் எடுக்கின்றாள் என்று கொள்வோம். அவள் அறிய விரும்புவது ஒன்றே: இதனை எவ்வாறு உலர்த்துவது? ஆனால் அந்தப் பிரசுரமோ, மிளகு பண்டைக்காலத்தில் உரோமாபுரிக்கு ஏற்றுமதியான பெருமையில் தொடங்குகின்றது, பின் மண்ணின் தன்மையைச் சொல்கின்றது, இடையில் உலர்த்துதல் பற்றி இரண்டு வரி, அப்பால் நோய்கள், கடைசிப் பக்கத்தில் மீண்டும் உலர்த்துதல் பற்றி நான்கு வரி. எல்லாம் உண்மையே. ஆயினும் வேண்டிய நேரத்தில் வேண்டியது கைக்கு எட்டவில்லை. மழை வந்துவிடுகின்றது. குற்றம் யாருடையது? வாசித்தவளுடையதன்று, வகுத்து எழுதாதவருடையதேயாகும்.

வகுத்தல் என்றோம். எவ்வாறு வகுப்பது? தொழில் பற்றி வாசிப்போன் கேட்கும் கேள்விகள் மூன்று வகைக்குள் அடங்கும். ‘இது யாது, ஏன் இவ்வாறாகின்றது?’ என்பது முதல் வகை. ‘இதனை எப்படிச் செய்வது?’ என்பது இரண்டாம் வகை. ‘எவ்வளவு, எத்தனை, எப்பொழுது?’ என்பது மூன்றாம் வகை. முதலாவதற்கு விளக்கம் வேண்டும். இரண்டாவதற்குச் செய்முறை வேண்டும். மூன்றாவதற்கு அட்டவணை வேண்டும். இம்மூன்றையும் ஒரே பத்தியில் குழைத்துவிட்டால் மூன்றும் கெடும்.

மிளகையே எடுத்துக்கொள்வோம். பச்சை மிளகு ஏன் கறுக்கின்றது? தோலிலுள்ள ஒருவகை நொதியம், அங்குள்ள வேறு சில பொருள்களைக் காற்றின் துணையோடு மாற்றுவதனாலே கருமை பிறக்கின்றது. கொதிநீரில் சிறிதுநேரம் தோய்த்தால் தோலின் நுண்ணறைகள் பிளந்து அம்மாற்றம் விரைவுபடும். இது விளக்கம், ஒரு தாளில் தனியே நிற்க வேண்டியது. கதிரில் ஓரிரு மணிகள் சிவந்ததும் பறித்தல், மணிகளைக் கதிரினின்று உதிர்த்தல், ஓரிரு நிமிடம் கொதிநீரில் தோய்த்தல், சுத்தமான விரிப்பிலே பரப்பி வெயிலில் காயவிடுதல் என்பன செய்முறை. இது வேறொரு தாள். கொடிக்குக் கொடி இடைவெளி 2.4 மீற்றர், உலர்ந்த மிளகில் ஈரம் நூற்றுக்கு 12 பங்களவு, பச்சை மிளகு உலர்ந்தபின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நிறையே மிஞ்சும் என்பன அளவுகள், இது மூன்றாவது தாள். மழைமேகத்தைக் கண்டு விரைகின்றவள் இரண்டாவது தாளை மாத்திரம் எடுப்பாள். பாடசாலையில் விஞ்ஞானம் கற்கும் அவள் மகன் முதலாவதை எடுப்பான். புதிதாகக் கொடி நடும் கணவன் மூன்றாவதைத் தேடுவான். தாள்தோறும் ஒரு பொருள்; பொருள்தோறும் ஒரு தாள். இதுவே இக்கலையின் முதல் விதி.

மேனாட்டிலே இவ்விதியை இன்று பெரிய அளவில் கையாள்கின்றார்கள். கணினிப் பொறிகளுக்கு ஆயிரக்கணக்கான பக்கங்களில் கையேடுகள் எழுதவேண்டியிருந்த ஐ.பி.எம். என்னும் நிறுவனத்தார், விளக்கம், செய்முறை, மேற்கோட் குறிப்பு என எழுத்தை மூவகையாக்கும் ஓர் ஒழுங்கை 2001 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ‘ஓயாசிஸ்’ என்னும் தர நிர்ணய அமைப்பு 2005 இல் அதனை ஏற்றுக்கொண்டது. ‘டிட்டா’ என்று சுருங்க வழங்கும் அதன் பெயரின் முதலெழுத்து, உயிரினங்களின் வழிமுறையை ஆராய்ந்த டார்வினின் பெயரைக் குறிப்பதாகும். மூலவகையிலிருந்து கிளைவகைகள் அதன் இயல்புகளோடு தோன்றலாம் என்பதனால் அப்பெயர் இட்டனர். விமானம், வைத்தியக் கருவி, கணினி முதலியவற்றின் கையேடுகள் பலவும் இந்நாளில் இவ்வாறு துண்டு துண்டாக எழுதப்பெற்று, தேவைக்கேற்பக் கோக்கப்பெறுகின்றன.

இதனைக் கேட்கும் தமிழ் மாணவன் வியப்படைய வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். நூல் எழுதுவோன் நீக்கவேண்டிய குற்றங்கள் 10, கொள்ளவேண்டிய அழகுகள் 10, கையாளவேண்டிய உத்திகள் 32 என்று அங்கே வகுத்திருக்கின்றது. மேலே சொன்ன மிளகுப் பிரசுரத்தை அம்முனிவரிடம் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஒரே செய்தியை இரண்டிடத்தில் வைத்தது ‘கூறியது கூறல்’ என்பார். உலர்த்த வந்தவளுக்கு உரோமாபுரியைக் காட்டியது ‘மற்றொன்று விரித்தல்’ என்பார். எத்தனை நிமிடம் தோய்ப்பது என்று சொல்லாது விட்டிருந்தால் ‘குன்றக் கூறல்’ என்பார். மூன்று குற்றத்திற்கும் பெயர் ஆயத்தமாகவே இருக்கின்றது!

நூலின் உறுப்புகளைச் சொல்லுமிடத்து, ஓரினப் பொருள்களை ஒழுங்குபட ஓரிடத்தில் வைப்பதே ஓத்து என்றனர் நம் முன்னோர். இயல் என்று நாம் வழங்குவதும் அதுவே. நன்னூலின் சொல்லதிகாரத்தைப் பாருங்கள்: பெயருக்கு ஓரியல், வினைக்கு ஓரியல், இடைச்சொல்லுக்கு ஓரியல், உரிச்சொல்லுக்கு ஓரியல். ஆனால் இவற்றுக்குப் பொதுவாயுள்ளவற்றை என்செய்வது? ஒவ்வோர் இயலிலும் திரும்பத் திரும்ப எழுதுவதா? அன்று, அவற்றுக்கெனப் பொதுவியல் என்று தனியே ஓரியலை வகுத்தார் முனிவர். ‘முன்னே உரைத்தோம்’, ‘பின்னே உரைப்போம்’ என்று வாசிப்போனை உரிய இடத்திற்கு அனுப்புதலையும் உத்திகளுள் சேர்த்தார். ஒன்றை ஓரிடத்தில் மட்டும் சொல்லி, வேண்டிய இடங்களிலிருந்து அதற்கு வழிகாட்டும் இன்றைய முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை.

இவ்விதியை வெறும் அழகுக்காக வகுத்தனர் என்று எண்ணற்க. மிளகு, கராம்பு, சாதிக்காய் ஆகிய மூன்றையும் உலர்ந்தபின் சாக்கில் நிரப்பி, நிலத்து ஈரம் ஏறாதபடி பலகைமேல் அடுக்கிவைத்தல் வேண்டும். இதனை மூன்று பிரசுரங்களிலும் மூன்றுவிதமாக எழுதினால், ஒன்றைத் திருத்தும்போது மற்றிரண்டும் பழையனவாய் நின்றுவிடும். சாக்கு அடுக்கும் விடயத்தில் இதனால் பெருங்கேடு விளையாது என்பது உண்மையே. ஆனால் நஞ்சு விடயத்தில்? பரகுவாட், டைமெதோயேட், பெந்தியோன் ஆகிய மூன்று நச்சு மருந்துகளையும் இலங்கையில் 2008 முதல் 2011 வரையான காலத்தில் படிப்படியாக விலக்கினர். அவற்றைத் தெளிக்கச் சொல்லும் வரி பத்துப் பிரசுரங்களில் பரந்து கிடந்திருக்குமாயின், பத்தையும் தேடிப் பிடித்துத் திருத்தவேண்டும். ஒன்று தவறினும் அது யாரோ ஒருவர் அலுமாரியில் நஞ்சாக இருக்கும். ஓரிடத்தில் எழுதி மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்டியிருந்தால், திருத்தமும் ஓரிடத்தில் முடிந்துவிடும்.

இரண்டாம் விதி, ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்பது. இலக்கியம் எழுதுவோன் ஒரே பொருளைப் பல பெயரால் அழைத்தால் நயம் என்போம். செய்முறை எழுதுவோன் அவ்வாறு செய்தால் மயக்கமே மிஞ்சும். ஒரே தாளில் முதல் வரியில் ‘கராம்பு’ என்றும், ஐந்தாம் வரியில் ‘இலவங்கம்’ என்றும் எழுதினால், இவை இரண்டு பொருள்களோ என்று வாசிப்போன் திகைப்பான். பவணந்தியார் இதனை ‘மயங்க வைத்தல்’ என்னும் குற்றத்துள் அடக்கியிருப்பார்.

இவ்விடத்தில் நாம் நன்றியோடு நினைக்கவேண்டிய ஒருவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வாழ்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவில் 1822 இல் பிறந்து, 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்தார். 1864 முதல் தமிழே அவருடைய வகுப்பின் மொழியாயிற்று. மனித உடலின் அமைப்பு, பிரசவம், இரணசிகிச்சை, இரசாயனம் என்று துறைக்கொரு நூலாகத் தாமும் தம் மாணாக்கருமாகத் தமிழில் ஆக்கி வெளியிட்டார். ‘அங்காதிபாதம்’, ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ என்னும் பெயர்களைப் பார்த்தாலே, வழக்கிலுள்ள சொல், வடசொல், ஆங்கிலச் சொல் என எதனையும் தீண்டத்தகாததாக அவர் கருதவில்லை என்பது புலனாகும். ஆனால் ஒரு பொருளுக்கு எந்தச் சொல் என்று தீர்மானித்துக்கொள்வதில் அவர் மிகுந்த கண்டிப்புடையவர். அதற்கெனச் சொற்பட்டியல்களையும் அச்சிட்டார். 60 க்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கிய அப்பெரியார் 1884 இல் காலமானார். நோயாளியின் முன்னே கத்தி பிடித்து நிற்பவனுக்கு இரு பொருள்படும் சொல் எத்துணை ஆபத்தானது என்பதை அவர் அறிந்திருந்தார்.

மூன்றாம் விதி தமிழ் வாக்கியத்தைப் பற்றியது. நம் மொழியில் வினையெச்சங்களை அடுக்கி நீளமாகச் செல்லலாம். ‘பறித்து, உதிர்த்து, கழுவி, தோய்த்து, வடித்து, பரப்பி உலர்த்துக’ என்று ஏழு தொழிலை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் ஈரக்கையோடு நிற்பவளுக்கு எந்த இடத்தில் நிற்கின்றோம் என்பது மறந்துபோம். ஆதலால் ஒரு வரியில் ஒரு தொழில். வரிதோறும் ஓர் இலக்கம். அடுத்து, ‘நீர் கொதிக்க வைக்கப்படுதல் வேண்டும்’ என்று எழுதும் வழக்கம் நம் அலுவலகத் தமிழில் வேரூன்றியிருக்கின்றது. யார் கொதிக்க வைப்பது? அரசாங்கமா? அயலவரா? ‘நீரைக் கொதிக்க வையுங்கள்’ என்று எழுதினால் பழுது என்ன? வேறொரு மொழியில் எழுதியதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போதே இத்தகைய தமிழ் பிறக்கின்றது. தமிழ்ப் பிரசுரத்தைத் தமிழில் சிந்திப்பவரே எழுதவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது மொழிப்பற்றினால் மட்டுமன்று. வாசிப்பவர் பிழையின்றிச் செய்யவேண்டும் என்பதற்காகவுமேயாகும்.

நிற்க. இவ்வளவு நுணுக்கம் ஒரு துண்டுத் தாளுக்கு வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். அவர்களுக்கு 1971 ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வோம். அவ்வாண்டு வங்காளதேசப் போரினால் இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்துக்கு வந்தனர். பொங்கான் என்னும் ஊரின் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்த வைத்தியர் திலீப் மகாலனபிஸ், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாயால் பருகக் கொடுக்கத் துணிந்தார். நூற்றுக்கு 30 என்னுமளவில் இருந்த இறப்பு, அம்முறையால் 4 க்கும் கீழே இறங்கியது. அதனைக் கலக்கும் முறையை எழுதிய துண்டுப்பிரசுரங்களும் எல்லை நெடுகிலும் விநியோகிக்கப்பெற்றன; வானொலியிலும் அம்முறை ஒலித்தது. உயிர் காத்தது மருந்து மட்டுமன்று. அதனைக் கலக்கச் சொல்லிய வாசகமுமேயாகும்.

அதன்பின் 1980 ஆம் ஆண்டு முதல், ‘பிராக்’ என்னும் வங்காளதேச அமைப்பார் வீடுவீடாகச் சென்று தாய்மாருக்கு இம்முறையைக் கற்பித்தனர். எழுத்தறியாத தாய்மாருக்கு மில்லிகிராம் கணக்குப் பயன்படுமா? மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்று அவர்கள் கையையே அளவுகோலாக்கினர். மனத்தில் கொள்ளவேண்டியவற்றைப் பத்துக் கூறுகளாக்கி, பின்னர் ஏழாகக் குறைத்தனர். யாவற்றினும் மேலான ஒன்றையும் செய்தனர். கற்பித்த பணியாளருக்கு ஊதியம், அவர் எத்தனை வீடு சென்றார் என்பதைக் கொண்டன்று. தாய்மார் எத்தனை கூறுகளைச் சரியாக நினைவில் வைத்திருக்கின்றார்கள் என்பதைக் கொண்டே கணிக்கப்பெற்றது. பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளை அவர்கள் எட்டினர். எழுதுவோரும் சொல்லுவோரும் இதனின்று கற்கவேண்டிய பாடம் பெரிது. எழுதிய தாளின் மதிப்பு எழுதியவன் புலமையில் இல்லை. வாசித்தவன் செய்து முடித்ததிலேதான் இருக்கின்றது.

நம் நாட்டில் ‘ஜீவனி’ என்று நாம் அறிந்த பொதியும் இதே வழியில் வந்ததே. ஒரு பொதியை ஒரு லீற்றர் நீரில் கரைத்து, 24 மணித்தியாலத்துள் பயன்படுத்தவேண்டும், எஞ்சியதைக் கொட்டிவிடவேண்டும். பொதி கிடைக்காதவிடத்து, ஒரு லீற்றர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். இங்கே ‘தலைதட்டிய’ என்னும் ஒரு சொல் விடுபட்டால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். உப்பு மிகுந்தால் குழந்தைக்கு அதுவே தீங்காகும். ஒரு சொல்லின் நிறை இதுவே.

கலகெதர போன்ற மலைச்சரிவு ஊர்களுக்கு மற்றுமொரு தாள் இன்றியமையாதது. அது மண்சரிவு பற்றியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் மழையளவைக் கொண்டு மூன்று படிகளை வகுத்திருக்கின்றனர். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்து மேலும் தொடருமாயின் விழிப்பாயிருத்தல். 100 ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாதல். 150 ஐத் தாண்டினால் வெளியேறுதல். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயத் தொடங்கும் மரமும் கம்பமும், திடீரெனத் தோன்றும் அல்லது மறையும் ஊற்று, கலங்கிவரும் நீர் ஆகிய அறிகுறிகள் கண்டால், அளவைப் பாராது அகலவேண்டும். எத்துணைச் செம்மையான செய்தி! ஆயினும் நள்ளிரவில், விளக்கணைந்த வீட்டில், மழை இரைச்சலுக்கிடையே இதனை வாசிப்பவருக்கு மலை ஏன் சரிகின்றது என்னும் மண்ணியல் விளக்கம் அவ்வேளை வேண்டாம். எண்ணும் அதற்குரிய செயலும் ஒரே வரியில், பெரிய எழுத்தில், அவருடைய மொழியில் இருக்கவேண்டும். விளக்கத்தை வெயில் நாளில் பாடசாலையில் ஆறுதலாகப் படிக்கலாம். தாள்களை வகுத்து எழுதுவதன் பயன் இங்கே உயிர்ப்பயன் ஆகிவிடுகின்றது.

மாணவர்களே, விடுமுறையில் உங்களுக்கு ஒரு பயிற்சி. உங்கள் வீட்டில் நடைபெறும் ஏதேனும் ஒரு தொழிலைத் தெரிந்துகொள்ளுங்கள். மிளகு உலர்த்துவதாயினும் ஆகுக. ஜீவனி கலப்பதாயினும் ஆகுக. எரிவாயு உருளையை மாற்றுவதாயினும் ஆகுக. அதன் செய்முறையை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு வரிக்கு ஒரு தொழில். ஒரு பொருளுக்கு ஒரு சொல். அளவு சொல்லவேண்டிய இடத்தில் அளவு. எச்சரிக்கை ஏதேனும் உண்டாயின், அச்செயலுக்கு முன்னே வையுங்கள். கை சுட்டபின் ‘சூடாயிருக்கும், கவனம்’ என்று வாசித்துப் பயனில்லை. எழுதி முடித்ததும், அத்தொழிலை முன்பின் செய்தறியாத ஒருவரிடம் தாளைக் கொடுங்கள். பெரியம்மாவாயினும் சரி, தம்பியாயினும் சரி. நீங்கள் வாய் திறவாது அருகில் இருங்கள். அவர் எந்த வரியில் தயங்கி உங்கள் முகத்தைப் பார்க்கின்றாரோ, அந்த வரியில்தான் பிழை இருக்கின்றது. அதனைத் திருத்தி மீண்டும் கொடுங்கள். அவர் உங்களைப் பாராமலே தொழிலை முடிக்கும்வரை திருத்துங்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஏட்டறிவை இகழ்ந்து பிறந்த மொழி அது. ஆயினும் சுரைக்காய்மேல் மட்டும் பழியைப் போட்டுவிடுதல் முறையன்று. நறுக்குவது எப்படி, நீர் எவ்வளவு, உப்பு எப்பொழுது என்று அடுப்படியில் நிற்பவளின் கேள்விக்கு நேரே விடை வைத்து எழுதிப் பாருங்கள். அந்தச் சுரைக்காய் அன்றைக்கே கறியாகிவிடும்.